கயிற்றுக் கட்டில் காவலும் கம்பித் தடுப்பும்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் காலை நேர வேலை தொடங்கும் முன்பு போய் நின்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் கழுத்தில் தொங்கும் அட்டையை ஒரு கறுப்புப் பெட்டியின் முன் காட்டுவார்கள். 'பீப்' என்று ஒரு சத்தம். மூன்று கம்பிகள் கொண்ட தடுப்பு ஒரு சுற்று சுற்றி, ஓர் ஆளை மட்டும் உள்ளே விடும்.

அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர் ஓரமாக ஒதுங்கி நிற்பார். பதினைந்து வருடமாக அதே ஆலையில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். ஆனால் கம்பிக்கு அவரைத் தெரியாது. பக்கத்துச் சாவடியில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்குத் தெரியும். கட்டடத்தைக் காக்க இந்த இரண்டில் எதை நம்புவது? தடுப்பையா, ஆளையா? பினாங்குத் தீவில் இந்தக் கேள்விக்கு இருநூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

நிபோங் மரமும் அகழியும்

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் இறங்கியபோது முதலில் செய்த வேலைகளில் ஒன்று வேலி போட்டதுதான். அந்த மண்ணில் விளையும் நிபோங் பனையின் தண்டுகளை நட்டு ஓர் அரண் அமைத்தார். அதுதான் கார்ன்வாலிஸ் கோட்டையின் முதல் வடிவம். பின்னர் 1804 முதல் 1810 வரையிலான காலத்தில் அது செங்கல்லாலும் கல்லாலும் திரும்பக் கட்டப்பட்டது. கட்டியவர்கள் கைதிகள். சுற்றிலும் அகழி வெட்டினார்கள்.

அந்தக் கோட்டை கடைசிவரை ஒரு போரையும் பார்க்கவில்லை என்பது வேடிக்கை. எதிரியைத் தடுக்க வெட்டிய அகழியில் எதிரி வரவில்லை, கொசுதான் வந்தது. மலேரியாவுக்குப் பயந்து 1920களில் அகழியை மண் போட்டு மூடிவிட்டார்கள். எதற்காகப் போடுகிறோம் என்று யோசிக்காமல் போட்ட தடுப்பு அப்படித்தான் ஆகும்.

ஆனால் கோட்டைக்கு வெளியே நடந்ததுதான் முக்கியம். பினாங்கை லைட் சுங்கவரி இல்லாத துறைமுகமாக அறிவித்தார். எந்தக் கப்பலும் வரலாம், எந்தச் சரக்கும் இறங்கலாம். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வந்தார்கள், சீனர் வந்தார்கள், ஆச்சேகாரர் வந்தார்கள், புகிஸ் மாலுமிகள் வந்தார்கள். கம்பெனி தனக்கு ஒரு வேலி போட்டுக்கொண்டு, ஊருக்கு இருந்த கதவைக் கழற்றிப் போட்டது. ஊர் வளர்ந்ததற்குக் காரணம் கழற்றிய கதவுதான்.

கதவு இல்லாத ஊரில் சரக்கை யார் காப்பது? அவரவர் பாடு அவரவருக்கு.

கிட்டங்கியில் பூட்டு எதற்கு?

19ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் வந்து ஜார்ஜ் டவுனில் வட்டிக்கடை வைத்தார்கள். பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீளமான ஒற்றைக் கூடம். ஒரே கூரையின் கீழ் பல கடைக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு பாய், முன்னால் ஒரு மரப்பெட்டி, பேரேடு. பின்கட்டில் இரும்புப் பெட்டகம். சமையலும் சாப்பாடும் படுக்கையும் அங்கேயே.

கிடங்கு என்ற சொல்லுக்கு உறவுச் சொல்தான் கிட்டங்கி. மலாய்க்காரர் 'குடாங்' என்பதும் ஆங்கிலேயர் 'கோடவுன்' என்பதும் தமிழும் தெலுங்கும் வழங்கிய இந்தச் சொல்லிலிருந்தே பிறந்தவை என்று அகராதிக்காரர்கள் சொல்வதுண்டு.

பெரும் பணம் புழங்கிய அந்தக் கூடத்துக்குப் பாதுகாப்பு என்ன? தெருவைப் பார்த்த வாசல், அதை ஒட்டி ஐந்தடி நடைபாதை. உள்ளே நுழைகிறவரை இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். யார், எந்த ஊர், யாரிடம் வருகிறார், போன வாரம் எவ்வளவு வாங்கினார் என்பது எல்லாருக்கும் தெரியும். பகலில் அந்தக் கண்கள்தான் தடுப்பு. தெரிந்த முகம் உள்ளே போகும், தெரியாத முகத்தைப் பார்த்து "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். இன்றைக்குப் பல லட்சம் ரிங்கிட் போட்டு மாட்டுகிற கருவி கேட்பதும் இதே கேள்வியைத்தான்.

இரவில்? அதற்கு வேறு ஏற்பாடு வந்தது. 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜார்ஜ் டவுன் தெருக்களில் ரகசியச் சங்கங்களுக்கிடையே பத்து நாள் கலவரம் நடந்தது. கீ ஹின் ஒரு பக்கம், தோ பெ கொங் ஒரு பக்கம், இரண்டுக்கும் துணையாக வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடிச் சங்கங்கள். அன்றிருந்த போலீசால் அதை அடக்க முடியவில்லை. பின்னர் 1873ல், பினாங்குப் போலீசில் உயர் அதிகாரியாக இருந்த கேப்டன் ஸ்பீடி அந்த வேலையை விட்டுவிட்டு, பேராக்கிலுள்ள லாருட் சுரங்கப் பகுதியின் அமைதிக்காக வட இந்தியாவிலிருந்து வீரர்களைத் திரட்டி வந்தார். அதையொட்டிச் சீக்கியர்கள் மலாயாவுக்கு வரும் பாதை திறந்தது. போலீசில் சேர்ந்தவர் போக மற்றவர்களில் பலர் காவல் வேலைக்கு வந்தார்கள்.

மலாயில் 'ஜாகா' என்றால் காவல். வங்கி வாசலிலும் கிடங்கு வாசலிலும் கதவைச் சாத்தியபின், அந்தக் கதவுக்குக் குறுக்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டு ஜாகா படுத்துக்கொள்வார். அவர் தூங்கினாலும் பாதகமில்லை. அவரைத் தாண்டாமல் கதவைத் திறக்க முடியாது. ஆளே தடுப்பு, தடுப்பே ஆள். பீச் ஸ்ட்ரீட்டில் 1875ல் வந்த சார்ட்டர்ட் வங்கியும் 1884ல் வந்த ஹாங்காங் ஷாங்காய் வங்கியும் தொழில் நடத்திய காலம் இந்தக் கட்டில்களின் காலம்.

முகம் போய் அட்டை வந்தது

முகத்தைப் பார்த்து விடுகிற வழக்கத்தை உடைத்தது அவசரகாலம். 1948ல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவித்த ஆங்கிலேய அரசு, மலாயா மக்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது. புதுக்கிராமங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வாசலில் சோதனை. தோட்டத் தொழிலாளர்களையும் ஓரிடத்தில் குவித்து வேலிக்குள் வைத்தார்கள். பால் வெட்டப் போகும் தமிழர் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவதுகூடச் சந்தேகத்துக்குரியதானது. காட்டிலிருப்பவருக்கு அது போய்ச் சேருமோ என்ற பயம்தான் காரணம்.

மலேசியத் தொழிலாளியின் மனதில் 'கேட்' என்ற சொல்லுக்கு ஒரு கசப்பு உண்டென்றால் அதன் வேர் இங்கே இருக்கிறது. தடுப்பு திருடனுக்கு மட்டும் போடப்படுவதில்லை, உள்ளே இருப்பவனைச் சந்தேகிக்கவும் போடப்படுகிறது என்பதை அந்தத் தலைமுறை நேரில் பார்த்தது. 2001ல் சில்லு பதித்த 'மைகாட்' வந்ததும் பாதுகாவலர் சாவடியில் அதை நீட்டிவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. பலர் அதைச் சாவடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். ஒரு மனிதரின் முழு அடையாளமும் முன்பின் தெரியாத ஒரு மேசை டிராயரில் கிடக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

வேலிக்குள் ஒரு வெளிநாடு

1969ல் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை முற்றாக இழந்தது. வேலை இல்லாதவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்குப் பெருகினார்கள். அந்த ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ எடுத்த வழி சுதந்திர வர்த்தக வலயம். 1971ல் அதற்கான சட்டம் வந்தது, 1972ல் பாயான் லெப்பாஸ் வலயம் தொடங்கியது. இன்டெல், ஹியூலட் பேக்கர்ட், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை 'எட்டு சாமுராய்' என்று இன்றும் சொல்கிறார்கள்.

இந்தச் சட்டத்தின் உள்விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வலயத்துக்குள் இருக்கும் சரக்கு, சுங்கத்துறையின் கணக்கில் நாட்டுக்கு வெளியே இருப்பது போல. வரி கிடையாது. அந்தச் சலுகை நிற்க வேண்டுமானால், உள்ளே இருப்பது வெளியே கசியாதபடி வேலியும் வாசலும் இருந்தாக வேண்டும். லைட் காலத்தில் கதவைக் கழற்றியதால் ஊர் பிழைத்தது. லிம் சோங் யூ காலத்தில் வேலியைப் போட்டதால் ஊர் பிழைத்தது. 'சுதந்திரம்' என்ற பெயர் இரண்டுக்கும் பொது!

வேலிக்குள் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய்க் கம்பத்துப் பெண்கள், சீனப் பெண்கள், தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டுகிற வேலை. கையாளும் பொருள் நகக்கண் அளவுதான். அதன் விலையோ அதைச் செய்கிறவரின் சம்பளத்தோடு ஒப்பிட முடியாதது. கிட்டங்கியில் உள்ளே வருகிறவரைப் பார்த்தார்கள். இந்த வகை ஆலையில் வெளியே போகிறவரைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். பைச் சோதனையும் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியும் வாசலுக்கு வந்த காரணம் இதுதான்.

வெளியே விடாத கதவு

இங்கே சற்று வெளியுலகையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தொழிலாளி எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நியூயார்க் ஒரு சாட்சி. 1911 மார்ச் 25ல் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. பெண்கள் ஒரே வழியாக வெளியேற வேண்டும், அப்போதுதான் கைப்பையைச் சோதிக்க முடியும் என்பதற்காக இன்னொரு படிக்கட்டுக் கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த ஏழைப் பெண்கள். உரிமையாளர்கள் இருவரும் வழக்கிலிருந்து விடுதலையானார்கள்.

உலகம் பாடம் கற்றதா? 1993ல் தாய்லாந்தில், காடர் பொம்மைத் தொழிற்சாலைத் தீயில் 188 பேர். அங்கும் பூட்டிய கதவுகள். 2012ல் வங்காளதேசத்தில், தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் நூற்றுக்கு மேற்பட்டோர். அங்கே மடக்குக் கதவு பூட்டியிருந்தது. பை சோதித்துக் காப்பாற்ற நினைத்தது சில சட்டைகளையும் பொம்மைகளையும்.

மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டட விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. வெளியேறும் கதவு எதுவானாலும் உள்ளிருந்து சாவி இல்லாமல், தனிப்பட்ட பயிற்சி இல்லாமல் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். எனவே தடுப்பு வாங்குகிற நிர்வாகம் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை பேரைத் தடுக்கும்?" என்பதல்ல. "தீ மணி அடித்தால் என்ன செய்யும்?" என்பதுதான். மின்சாரம் நின்றதும் கம்பி தானாகக் கீழே விழுந்து வழிவிடும் மூன்றுகம்பித் தடுப்புகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும் கண்ணாடித் தடுப்புகள் இருக்கின்றன. ஆள் உயரத்துக்குக் கூண்டு போல நிற்கும் சுழல்கதவோ கூட்டத்தை அவசரத்தில் வெளியே விடாது. அதற்குப் பக்கத்தில் தனி அவசரக் கதவு கட்டாயம் வேண்டும். அந்தக் கதவின் முன்னால் பெட்டிகளை அடுக்கி வைக்காமலும் இருக்க வேண்டும்.

சீட்டைக் காட்டி உள்ளே வந்தவர்கள்

சரி, திருடனைத் தடுப்பு தடுத்ததா? 2006 நவம்பரில் பினாங்கின் பத்து மவுங்கில் உள்ள விமானச் சரக்கு வளாகத்தில் நடந்த கொள்ளை இதற்கு விடை சொல்லும். சுமார் இருபது பேர் லாரிகளில் வந்தார்கள். மதிலேறிக் குதிக்கவில்லை, வேலியை வெட்டவில்லை. போலிச் சீட்டைக் காட்டி வாசல் வழியாகவே நுழைந்தார்கள். அங்கிருந்தவர்களை மடக்கிக் கட்டிப்போட்டுவிட்டு, ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள மைக்ரோசில்லுகளையும் கணினிப் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உலகப் பத்திரிகைகளிலெல்லாம் பினாங்கின் பெயர் வந்தது.

வேலி இருந்தது, காவல் இருந்தது. ஆனால் வாசல் நம்பியது ஒரு தாளை. கிட்டங்கியில் "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டவர், பதிலைக் கேட்டபின் அந்த ஆளைத் திரும்பிப் பார்ப்பார், அவரும் தலையாட்டுவார். அந்த இரண்டாவது தலையாட்டல்தான் பாதுகாப்பு. சீட்டு வந்தால், அதை அனுப்பியதாகச் சொல்லப்படும் அலுவலகத்துக்கு ஒரு போன். லாரியை உள் வாசலுக்கு விடும் முன்பு இரண்டு தடுப்புக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தி, ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறப்பது. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுக் கோட்டைகளில் பெருங்கதவைச் சாத்திவிட்டு அதிலேயே ஒரு திட்டிவாசல் வைத்தார்களே, ஒருவர் குனிந்து தலையை நீட்டித்தான் நுழைய முடியும், அந்த யோசனைதான்.

தாளுக்குப் பதில் மின் அட்டை வந்துவிட்டதே என்று கேட்கலாம். அட்டையும் ஏமாறும். 2008ல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகெங்கும் கதவுகளிலும் பேருந்துகளிலும் புழங்கிய 'மைஃபேர் கிளாசிக்' அட்டையின் ரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். அதைவிடப் பழைய அட்டைகளில் ரகசியம் என்றே ஒன்று கிடையாது, எண்ணை மட்டும் ஒலிபரப்பும். அதை நகல் எடுப்பது சாவி வெட்டுவதைவிடச் சுலபம். அப்படிப்பட்ட அட்டையை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த கண்ணாடித் தடுப்பு போடுவது, ஓலைக் குடிசைக்கு இரும்புக் கதவு மாட்டிய கதை.

விரல் ரேகைக்குப் போனார்கள். 2020ல் கொரோனா வந்ததும் பலர் தொட்ட பெட்டியைத் தொட எல்லாரும் அஞ்சினார்கள். வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது மறுபடியும் காவலாளிதான். இப்போது முகத்தைப் படிக்கும் கருவி. அட்டை தொலைந்தால் வேறு வாங்கலாம். முகமும் ரேகையும் களவு போனால் மாற்று ஏது? மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024ல் செய்த திருத்தம், இத்தகைய உடல் அடையாளங்களையும் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் தரவுகளோடு சேர்த்திருக்கிறது. தொழிலாளியின் ரேகையை வாங்குகிற நிர்வாகம் அதை எங்கே வைக்கிறது, வேலையை விட்டுப் போனதும் அழிக்கிறதா என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. கேட்பவர் குறைவு.

தலை எண்ணாத வாசல்

கணக்கிலும் ஒரு விஷயம். மூன்றுகம்பித் தடுப்பு ஒன்று நிமிடத்துக்கு இருபது முதல் முப்பது பேரை விடும். ஆயிரம் பேர் பத்து நிமிடத்துக்குள் உள்ளே போக வேண்டுமென்றால் குறைந்தது நான்கு, ஐந்து வேண்டும். செலவைப் பார்த்து இரண்டே போட்டால் என்ன நடக்கும்? வரிசை சாலைவரை நீளும். தாமதமானால் சம்பளம் வெட்டுவார்களே என்று தள்ளுமுள்ளு வரும். கடைசியில் காவலாளி பக்கவாசலைத் திறந்து "போங்க, போங்க" என்பார். அத்தோடு தடுப்பு வெறும் அலங்காரம். காவலாளி மேல் தப்பில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று, குறைந்த சம்பளம் வாங்கும் அவருக்கு, அவர்களில் பலர் நேபாளத்திலிருந்து வந்தவர்கள், எதிரே நிற்கும் ஆயிரம் பேரோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

எண்ணாமல் விட்ட கூட்டம் என்ன செய்யும் என்பதைப் பினாங்கு மக்கள் மறக்க முடியாது. 1988 ஜூலை 31. ஒரு பக்கம் சீன ஆலயத் திருவிழா, இன்னொரு பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே படகேற வந்த கூட்டம் பட்டர்வொர்த் படகுத் துறையின் மேல்தளத்தில் நிரம்பி வழிந்தது. தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், 1,600க்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். உள்ளே நிறுத்தக்கூடிய அளவு இவ்வளவுதான், இனி விடாதே என்று சொல்லும் வாசல் அன்று இல்லை.

ஆலையில் தீ என்று வண்டி வந்து நின்றதும் பொம்பா அதிகாரி முதலில் கேட்கும் கேள்வி, "உள்ளே எத்தனை பேர்?" என்பதுதான். தடுப்பு வழியாக ஒவ்வொருவராக அட்டையைக் காட்டிப் போயிருந்தால், உள்ளே போனவர், வெளியே வந்தவர் கணக்கு நொடியில் கிடைக்கும். கூடும் இடத்தில் பெயர் கூப்பிட்டு, இல்லாதவர் யார் என்று சொல்லிவிடலாம். முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரே 'பீப்'பில் இருவராக நுழைகிறார்களே, விளையாட்டுக்கோ அவசரத்துக்கோ, அவர்களில் இரண்டாவது ஆளின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. புகைக்குள் அவரைத் தேடிப் போக வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.